காற்றுத் துவக்கு வாங்கு முன்னர்

கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரை பயணஞ் செய்வோர் ஒரு பக்கத்தில் கடலையும் மறு பக்கத்தில் வயலையும் காண்பர். கதிர் பால்பிடிக்கும் காலம் வந்துவிட்டால் அவ்வயல்களின் சொந்தக்காரருக்கு உறக்கமில்லை. பகலில் நெல்லுக் குருவிகளும் கிளிகளும் கூட்டங் கூட்டமாக இறங்கும். இரவில் எலிகள் தாளை அறுத்துக் கதிரைச் சாய்க்கும். பரண் கட்டிக் காவலிருந்து, தகரந் தட்டி, கவண் வீசி விரட்டுவது பரம்பரையாக வந்த வழக்கம். இன்றோ காவலுக்குப் போகும் இளைஞன், "ஒரு எயார் றைபிள் வாங்கித் தாருங்கள், வாப்பா" என்று கேட்கின்றான். காவலுக்குக் காவலும் ஆயிற்று, கறிக்கு ஒரு புறாவோ முயலோ கிடைத்தாலும் ஆயிற்று என்பது அவன் எண்ணம்.

கேட்பவன் முதலில் விசாரிப்பது, "எது வலுக்கூடியது?" என்பதையே. இக்கேள்வி கடைசியாகக் கேட்கவேண்டியது. அதற்கு முன்னர் விடை காணவேண்டியவை மூன்று உள. எதைச் சுடப் போகின்றோம்? எவ்வளவு தூரத்திலிருந்து சுடப் போகின்றோம்? சுட்டு வீழ்த்தியதை என்ன செய்யப் போகின்றோம்? மூன்றாவது கேள்வி அற்பமானதுபோலத் தோன்றும். ஆனால், நமது கரையோர முஸ்லிம் ஊர்களிலே கருவியைத் தீர்மானிப்பது அந்த மூன்றாவது கேள்விதான் என்பதைப் பின்னர்க் காண்போம்.

விளையாட்டுச் சாமானன்று

வெடிமருந்தின்றிக் காற்றின் அழுத்தத்தால் ஈயச் சன்னத்தை ஏவுவதே காற்றுத் துவக்கு. சத்தங் குறைவு, புகையில்லை என்பதனால் இதனைச் சிறுவரின் விளையாட்டுச் சாமானாகக் கருதுவோர் பலர். சரித்திரமோ வேறு விதமாகக் கூறுகின்றது. 1780 ஆம் ஆண்டளவில் ஒஸ்திரிய இராணுவம் ஜிராண்டோனி என்பார் ஆக்கிய காற்றுத் துவக்கைப் படையிற் சேர்த்துக்கொண்டது. அதன் பிடியே காற்றடைத்த இரும்புக் கலமாக அமைந்திருந்தது; இருபது ஈயக் குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏவ வல்லது. 1804 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து சென்ற லூயிஸ், கிளார்க் என்போரும் அத்தகைய காற்றுத் துவக்கொன்றை உடன் கொண்டுசென்று, வழியிற் கண்ட பழங்குடி மக்களுக்குச் சுட்டுக் காட்டினர். போர்க்களத்துக்கே சென்ற கருவியின் வழித்தோன்றலைத்தான் நாம் வீட்டுக்குள் கொண்டுவருகின்றோம் என்பதை மறத்தலாகாது.

நால்வகை அமைப்பு

காற்றை அழுத்தும் முறையைக் கொண்டு இக்கருவிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது சுருள்வில் வகை. குழலைக் கீழே மடக்கும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சுருங்கிப் பூட்டிக்கொள்ளும். விசையை இழுத்தவுடன் ஸ்பிரிங் விரிந்து உலக்கையை முன்னே தள்ள, அங்கே அடைபட்ட காற்றுச் சன்னத்தை வெளியேற்றும். ஸ்பிரிங்குக்குப் பதிலாக அடைத்த வாயு தள்ளும் கருவிகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இரண்டாவது, சுடுமுன் கையால் பல தடவை பம்ப் அடித்துக் காற்றேற்றுவது. மூன்றாவது, கரியமிலவாயு அடைத்த சிறு குப்பியைச் செருகிச் சுடுவது. நான்காவது, வளிமண்டல அழுத்தத்தைப்போல் இருநூறு மடங்கு வரையான அழுத்தத்தில் காற்றை முன்கூட்டியே கலத்தில் நிரப்பி வைத்துச் சுடுவது.

நான்காவது வகை மிக நுட்பமானது, அதிர்வு இல்லாதது, குறி தவறாதது. ஆனால் அதற்குத் தனிப் பம்போ, சுழியோடிகள் பயன்படுத்தும் சிலிண்டரோ வேண்டும். ஈரம் மிகுந்த கடற்கரைக் காற்றை அப்படியே அடைத்தால் கலத்தின் உட்புறம் துருப்பிடிக்கும். வாயுக் குப்பி வகையிலோ வெயில் ஏற ஏற வாயுவின் அழுத்தமும் ஏறுவதால், காலையிற் சரிபார்த்த குறி நண்பகலில் மாறிவிடும். கையால் பம்ப் அடிப்பதற்குப் பொறுமை வேண்டும். எத்தனை தடவை அடித்தோம் என்பதைப் பொறுத்து வலுவும் மாறும். ஆகவே, நமது பிரதேசத்துக்குச் சுருள்வில் வகையே ஏற்றது. காற்று நிரப்பத் தேவையில்லை, ஒவ்வொரு சூட்டிலும் வலு ஏறத்தாழ ஒரே அளவாயிருக்கும், பழுதுகளும் குறைவு.

அதற்குரிய குறைகளும் உள. உள்ளே உலக்கை பாய்ந்து நிற்பதால் கருவி முன்னும் பின்னும் அதிரும். இறுகப் பற்றினால் குறி தவறும். மெல்ல ஏந்திச் சுடப் பழகவேண்டும். சன்னமின்றி வெறுமனே சுட்டால், தடுக்க ஒன்றுமில்லாத உலக்கை இரும்பில் மோதிக் கருவி கெடும். உட்குழாயில் கண்ட எண்ணெயை ஊற்றினால் அழுத்தத்தின் வெப்பத்தில் அது தீப்பற்றி வெடிக்கக்கூடும். கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னுமாதலின், வெளிப்புறத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி வைத்தல் அவசியம்.

வலுவும் குழல் அளவும்

கடைகளிற் பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு அளவுகள். ஒன்று 4.5 மில்லிமீற்றர், அஃதாவது 0.177 அங்குலம், மற்றது 5.5 மில்லிமீற்றர், அஃதாவது 0.22 அங்குலம். முன்னதன் சன்னம் ஏறத்தாழ அரைக் கிராம். பின்னதன் சன்னம் ஏறத்தாழ 0.9 கிராம். சன்னம் குழலைவிட்டுப் புறப்படும்போது கொண்டிருக்கும் சக்தி யூல் என்னும் அலகினால் அளக்கப்படுகின்றது. இரண்டுக்கும் 16 யூல் சக்தி கொடுத்தால், சிறிய சன்னம் செக்கனுக்கு 240 மீற்றர் வேகத்திலும், பெரியது 185 மீற்றர் வேகத்திலும் புறப்படும்.

இவ்வேறுபாட்டின் விளைவு என்ன? வேகங்கூடிய சிறிய சன்னம் நேர்கோட்டை அண்டிச் செல்லும். முப்பது மீற்றர் தூரத்தில் அது குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 சென்ரிமீற்றரும், பெரியது ஏறத்தாழ 15 சென்ரிமீற்றரும் தாழும். தூரத்தைச் சரியாக மதிக்கத் தெரியாத புதியவருக்கு 4.5 மில்லிமீற்றர் குழலே உதவும். பெரிய சன்னம் பட்ட இடத்தில் கூடுதலான தாக்கத்தைக் கொடுக்கும்; ஆனால், தூரத்தை மதிப்பதில் சிறிது பிழைத்தாலும் குறி தவறிவிடும்.

வலு கூடக்கூட நன்மை கூடும் என்பதும் சரியன்று. சன்னத்தின் வேகம் ஒலியின் வேகமாகிய செக்கனுக்கு 340 மீற்றரை அணுகும்போது அது நிலைதடுமாறிக் குறி சிதறும். வலுக்கூடிய ஸ்பிரிங்கை மடக்கவும் பெருமுயற்சி வேண்டும். களைத்த கை நடுங்கும். ஜேர்மனியில் 7.5 யூலும், இங்கிலாந்தில் ஏறத்தாழ 16 யூலும், இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி 20 யூலும் அனுமதிப்பத்திரமின்றி வைத்திருக்கும் காற்றுத் துவக்குகளுக்கு எல்லையாக வகுக்கப்பட்டுள்ளன. பிற நாட்டார் எங்கே கோடு கிழித்துள்ளனர் என்பதை இதனால் அறியலாம்.

கையிலெடுத்துப் பார்க்கும் முறை

கடையில் கருவியைத் தூக்கியவுடன் அழகைப் பாராது பொருத்தத்தைப் பார்க்கவேண்டும். மரப்பிடியின் அடியை முழங்கையின் உள்மடிப்பில் வைத்தால், சுட்டுவிரல் நுனி விசையை எட்டவேண்டும். எட்டாவிட்டால் பிடி நீளம். விரல் தாண்டிப் போனால் குட்டை. குழலைத் திறந்து மூடி, மூட்டில் ஆட்டமிருக்கின்றதா என்று அசைத்துப் பார்க்கவேண்டும். ஆட்டமுள்ள குழல் ஒரே இடத்தில் இருமுறை சுடாது. பழைய கருவியானால் குழலின் உள்ளே வெளிச்சம் பார்த்துத் துருவைக் கவனிப்பதும், மடக்கும்போது ஸ்பிரிங் உரசுங் கரகரப்புக் கேட்கின்றதா என்று செவிமடுப்பதும் நல்லது. குழலைத் தனியே மடக்கிப் பூட்டும் பலம் வராத சிறுவனுக்கு அக்கருவி உரியதன்று. பாதியிற் கைநழுவிய குழல் திரும்பி அடித்தால் விரல் எலும்பு முறியும்.

சன்னத்திலும் வகையுண்டு. தட்டைமுனைச் சன்னம் கடதாசி இலக்கில் வட்டமாகத் துளையிடுவதற்கு ஏற்றது. உருண்டைமுனைச் சன்னம் தூரத்திலும் குறி சிதறாது. எல்லாக் குழலுக்கும் எல்லாச் சன்னமும் ஒத்துப்போவதில்லை. இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பார்த்தே தெரிவுசெய்தல் வேண்டும்.

தூரத்தை நிர்ணயிப்பது துவக்கன்று

"இது நூறு யார் போகும்" என்று விற்பவர் சொல்வார். சன்னம் அதற்கும் அப்பாற் போகும் என்பது மெய்யே. ஆயினும் உயிருள்ள பிராணியைச் சுடும் தூரத்தை நிர்ணயிப்பது சுடுபவரின் கையேயன்றித் துவக்கன்று. சிறு பிராணியொன்றைத் துன்பமின்றி உடனே வீழ்த்தவேண்டுமாயின், தலையில் ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவேயான இடத்திற் சன்னம் படவேண்டும். கடதாசியில் அந்நாணயத்தை வைத்து வட்டம் வரைந்து சுட்டுப் பாருங்கள். பத்துக்குப் பத்தும் வட்டத்துள் விழும் தூரம் எதுவோ, அதுவே உங்கள் எல்லை. புதியவர் பலருக்கு அது பதினைந்து மீற்றரைத் தாண்டாது. அதற்கு அப்பாலிருந்து சுடுவது, காயப்பட்ட பிராணியைப் பற்றைக்குள் சாகவிடுவதற்கே வழியாகும்.

எதைச் சுடுவது?

இங்கே சட்டத்தைப் பார்க்கவேண்டும். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல தடவை திருத்தப்பட்டு, 2009 ஆம் ஆண்டில் மேலும் இறுக்கமாக்கப்பட்டது. நம் நாட்டுப் பறவைகளுள் மிகப் பல அதன் பாதுகாப்பில் உள்ளவை. நாட்டின் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழியும் அவற்றுள் ஒன்று. மாரிக் காலத்தில் வட திசையிலிருந்து வந்து களப்போரங்களில் இறங்கும் விருந்தாளிப் பறவைகளுக்கும் நமது கரை தங்குமிடம். அம்பாறை மாவட்டத்தில் 1954 இல் கல்லோயாவும், 1970 இல் குமணவும், 1980 இல் லாகுகலவும் தேசிய பூங்காக்களாயின. குமண ஈரநிலம் 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாகவும் ஏற்கப்பட்டது. எந்தப் பிராணிக்குப் பாதுகாப்புண்டு, எதற்கில்லை என்பதை வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேட்டறியாது எதன்மீதும் குறிவைத்தலாகாது.

துவக்குக்கும் சட்டமுண்டு. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் வரையறைக்குள் தாம் வாங்கவிருக்கும் கருவி வருகின்றதா என்பதை, பணங் கொடுக்கு முன்னரே பொலிஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்வது அறிவுடைமை. 1983 முதல் 2009 வரை நீடித்த போரைக் கண்ட கிழக்கு மாகாணத்தில், துவக்கைத் தோளிலிட்டு வீதியால் நடப்பதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளார் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சட்டம் ஒருபுறமிருக்க, பயிரைக் காப்பதற்கு இக்கருவி எவ்வளவு தூரம் உதவும்? நெல்லுக் குருவிகள் நூற்றுக்கணக்கில் இறங்கும். ஒரு சன்னம் ஒரு குருவியைத்தான் வீழ்த்தும். ஏனையவற்றை எழுப்பி விரட்டும் சத்தமும் காற்றுத் துவக்குக்கு இல்லை. இந்த வேலையிற் பழைய தகரமும், பரண்மீதிருந்து இழுக்கும் கயிறும் இதனிலும் மேலானவை. விலங்குகளாற் பயிர் அழிவது நாடு முழுவதற்கும் உள்ள பிரச்சினை. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை ஐந்து நிமிட நேரத்தில் குரங்கு, மயில் முதலியவற்றை நாடெங்கும் ஒரே வேளையில் எண்ணிப் பார்க்க அரசாங்கம் முயன்றதும் அதனாலேயே. ஒவ்வொருவரும் தோளில் ஒரு துவக்கை மாட்டிக்கொள்வதால் தீரும் பிரச்சினையன்று அது.

மெய்யாகவே காற்றுத் துவக்கு உதவும் இடம் எலியொழிப்பே. நெல் அடுக்கிய களஞ்சியத்திலும் கோழிக் கூட்டைச் சுற்றியும் பத்து மீற்றர் தூரத்துக்குள் எலியைச் சுடுவதற்கு அதிக வலு வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும், இலவசமாக எலி பிடித்துத் தரும் கூகையையும் சாரைப் பாம்பையும் சுட்டுவிட்டால் நட்டம் நமக்கே.

கறிக்கு ஆகுமா?

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். சுட்டு வீழ்த்திய புறாவையோ முயலையோ வீட்டுக்குக் கொண்டுவந்தால் உம்மா கேட்கும் முதற் கேள்வி, "அறுத்தாயா?" என்பதுதான்.

திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமாகிய ஸூரத்துல் மாயிதாவின் மூன்றாம் வசனம் உண்ணத் தடுத்தவற்றுள் அடிபட்டுச் செத்த பிராணியும் ஒன்று. வேட்டையைப் பற்றி அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் வினவியபோது, எய்த கோலின் கூர்முனை பாய்ந்து துளைத்ததை உண்ணலாம் என்றும், அதன் அகலப்பக்கம் மோதிச் செத்ததை உண்ணலாகாது என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக ஹதீஸ் கிரந்தங்கள் அறிவிக்கின்றன. இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்கள், உண்டைவில்லால் எறியும் களிமண் உருண்டையினால் இறந்ததை அடிபட்டுச் செத்ததன் வகையிலேயே சேர்த்தனர். வெடிமருந்துத் துவக்கின் குண்டைப் பற்றிப் பிற்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. காற்றுத் துவக்கின் மழுங்கிய ஈயச் சன்னமோ உண்டைவில்லின் உருண்டைக்கே நெருங்கிய உறவு. உயிர் நிலைத்திருக்கும்போதே எடுத்து, பிஸ்மி கூறி அறுத்தால் மட்டுமே ஐயமின்றி ஹலாலாகும்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. துன்பமின்றிச் சாகவேண்டுமெனத் தலையிற் குறிவைத்தால், பிராணி விழுந்த இடத்திலேயே செத்துவிடும், அறுக்க வாய்ப்பில்லை. அறுக்க வாய்ப்பு வேண்டுமென உடம்பிலோ சிறகிலோ குறிவைத்தால், அது துடித்துக்கொண்டு பற்றைக்குள் ஓடி ஒளியும். கைக்கு எட்டினாலும் அதுவரை பட்ட வேதனை நம்மாலாயது. ஒன்று இரக்கத்துக்கு உகந்தது, கறிக்கு ஆகாது. மற்றது கறிக்கு ஆகலாம், இரக்கத்துக்கு ஆகாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாலும் இம்முரண்பாட்டைத் தீர்க்க இயலாது. 5.5 மில்லிமீற்றர் குழலும் தொலைநோக்கியும் பூட்டினால் அது கூடுமேயன்றிக் குறையாது. ஏனெனில், குறி எவ்வளவு நுட்பமாகின்றதோ அவ்வளவு விரைவில் உயிர் போய்விடும்.

உயிருள்ளதைப் பொழுதுபோக்குக்கு இலக்காக நிறுத்துவதையும் மார்க்கம் கண்டித்துள்ளது. சிறு கல்லைச் சுண்டி எறிவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாகவும், அது வேட்டையையும் தராது, பகைவனையும் வீழ்த்தாது, பல்லை உடைத்துக் கண்ணைப் பறிக்கவே உதவும் என்று காரணங் கூறியதாகவும் அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். குறிப்பிட்ட ஒரு கருவியைப் பற்றி ஐயமுள்ளோர் தத்தம் ஊர் உலமாக்களைக் கேட்டறிவது முறை. ஆனால் கறிக்காகவே காற்றுத் துவக்கு வாங்க எண்ணுவோர், கடைக்குப் போகு முன்னர் அவர்களிடம் போவது நன்று.

அயலாரின் கண்

நமது கரையோர ஊர்கள் நாட்டிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களைச் சேர்ந்தவை. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் ஒரு வீட்டு மதிலே மறு வீட்டு மதிலாகும். தென்னை மரத்துக் காகத்தைக் குறிவைத்து மேல்நோக்கி ஏவிய சன்னம், தவறினால் அயலார் முற்றத்தில் விழும். நூறு யாருக்கு அப்பாலும் கண்ணொன்றைக் குருடாக்கும் வலு அதற்குண்டு. வயல்வெளியில் ஆளில்லையே என்று எண்ணுவோர் நீரை மறந்துவிடுகின்றனர். நீர் கட்டிய வயலிலும் களப்பிலும் தாழ்வாகச் சுட்டால், சிறுவர் எறியும் ஓட்டுத்துண்டு நீரின்மேற் பாய்ந்து பாய்ந்து செல்வதுபோலச் சன்னமும் எகிறித் திசைமாறிப் போகும். வரம்பில் குனிந்து களை பிடுங்குபவர் எவர் கண்ணுக்கும் தென்படார்.

ஆகவே, துவக்கு எந்நேரமும் சன்னம் போட்டபடியே இருப்பதாக நினைத்து நடத்தல் வேண்டும். சன்னத்தைத் தாங்கி நிறுத்தும் மண்மேடு பின்னால் இல்லாத எதன்மீதும் சுடலாகாது. வீட்டில் துவக்கையும் சன்னத்தையும் வெவ்வேறிடத்தில் பூட்டி வைக்கவேண்டும். சன்னத்தை வாயிற் கவ்விக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு, ஈயம் நஞ்சு. தொட்ட கையைக் கழுவாது சோற்றில் வைத்தலாகாது.

இளைஞருக்கு வேறு வழி

குறிபார்க்கும் ஆசை இளைஞருக்கு இயல்பானது. அதை அடக்குவதைவிட வழிப்படுத்துவதே நல்லது. 1984 ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக் விளையாட்டுக்களிற் பத்து மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டி இடம்பெற்று வருகின்றது. அதற்குரியது 4.5 மில்லிமீற்றர் குழலே. பத்துப் புள்ளி பெறவேண்டிய மையத்தின் விட்டம் அரை மில்லிமீற்றர், அஃதாவது ஒரு குண்டூசியின் தலையிலும் சிறியது. 2008 இல் பீஜிங் நகரில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்குத் தனிநபர் போட்டியில் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டியது இப்போட்டியிற்றான். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் தெஹானி எகொடவெலவும் இதே போட்டியிற் கலந்துகொண்டார். மூச்சை அடக்கி, மனத்தை ஒருமுகப்படுத்தி, விரலை மட்டும் மெல்ல அசைக்கும் இப்பயிற்சி, ஓடும் முயலைத் துரத்திச் சுடுவதைவிடக் கடினமானது.

எனவே, வாங்குவதென்றே தீர்மானித்தவர்களுக்கு நாம் கூறுவது இதுதான். பொலிஸாரிடம் விசாரித்தபின், அளவான வலுவுள்ள, சுருள்வில் பூட்டிய 4.5 மில்லிமீற்றர் காற்றுத் துவக்கொன்றைத் தெரிவுசெய்யுங்கள். தோளுக்குப் பொருந்துவதாகவும், தொலைநோக்கி இல்லாத சாதாரணக் குறிமுனை உள்ளதாகவும் அது இருக்கட்டும். களஞ்சியத்து எலிக்கும் மண்மேட்டின் முன் தொங்கும் கடதாசி இலக்குக்கும் அது போதும். சட்டியில் வேகவேண்டிய இறைச்சியை முன்போலவே சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள்.